நேர்ந்துவிட்ட தூண்டில்

திருப்பூரில் தையல் மெஷின் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஷிப்மென்ட் நெருங்குகிற வாரமென்றால் எந்த நேரமும் போன் அடிக்கும். "அண்ணா, ஓவர்லாக்குல நூல் அந்துக்கிட்டே இருக்குதுங்க." "மெக்கானிக், மூணாம் நம்பர் மெஷின் தையலை உட்டு உட்டுப் போகுதுங்க." ராயபுரத்து அருள்செல்வன் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக, ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை போனை அணைத்து மொபெட்டின் முன்பைக்குள் போட்டுவிடுவான். வீரபாண்டி வரைக்கும் அவன் கை பட்ட கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். "மெக்கானிக் மீனுக்குப் போயிருப்பாரு, பன்னெண்டு மணிக்கு மேல கூப்பிடு" என்று சூப்பர்வைசர்களே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அவனுடைய தூண்டில் கடையில் வாங்கியதல்ல. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்த ஒரு மூங்கில் கழி. நெருப்பில் வாட்டி, வளைவெடுத்து, நுனிக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துப் பழக்கியது. தூண்டில் நரம்பை, தீர்ந்துபோன நூல் கோனில் சுற்றி வைத்திருப்பான். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. அதன் தலையில் ஏதோ ஒரு கம்பெனியின் எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய ஆரஞ்சு நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பான். அந்த நிறம் அரைக் குளம் தாண்டியும் கண்ணில் படும்.

அவன் போவது காங்கயம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கன்னிமார் குட்டைக்கு. மேட்டு நிலத்தில் இருக்கிற குட்டை. மழைத் தண்ணீர் மட்டும்தான் வந்து சேரும். சாயப்பட்டறைத் தண்ணீருக்கு அங்கே வழியில்லை. இந்த ஊரில் மீன் கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் முதலில் எடையைக் கேட்பதில்லை. "எந்தத் தண்ணி மீனுங்க?" என்றுதான் கேட்பார்கள். "கன்னிமார் குட்டை" என்று சொன்னால் பாத்திரம் தானாக நீளும்.

பாத்திரம் நீட்டுகிறவர்களில் அவன் மனைவி வினிதாவைச் சேர்க்க முடியாது. அவள் பதினான்கு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். டியூப்லைட்டுக்குக் கீழே நின்று ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸைப் புரட்டிப் பார்க்கிற வேலை. ஊசி வெட்டு, எண்ணெய்க் கறை, ஒரு தையல் தவறிப்போனது, எதுவும் அவள் விரலைத் தாண்டிப் போகாது. மீன் வந்தாலும் அப்படித்தான். செவுளைத் தூக்குவாள், கண்ணைப் பார்ப்பாள், வயிற்றை அழுத்துவாள். "ம்" என்பாள். அந்த ஒரு எழுத்துக்காக அருள்செல்வன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

போன சித்திரையில் அவள் விரல் அவளிடமே ஒரு குறையைக் கண்டுபிடித்தது. குளிக்கும்போது வலது மார்பில் தட்டுப்பட்ட சின்ன உருண்டை. மூன்றே வாரத்தில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் அருள்செல்வன் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கைக்கு ஒரு வேலையும் இல்லை. எந்த மெஷினாவது மக்கர் பண்ணினால் நன்றாக இருக்கும் என்று கூடத் தோன்றியது. அவர்கள் நெசவுக் குடும்பம். வீட்டில் மூத்த பிள்ளை முருகன்தான் என்பது போல நடந்துகொள்கிறவர்கள். கஷ்டம் வந்தால் எதையாவது விடுவது அவர்களிடம் ஒரு வழக்கம். அவன் அப்பா செங்கோட்டையன், மகன் டைபாய்டில் படுத்தபோது வெற்றிலையை விட்டவர், பிறகு சாகும்வரை வாயில் வைக்கவில்லை. பெரியம்மா ஒருத்தி காப்பியை விட்டாள். விடுகிற பொருள் விட்டால் வலிக்கிறதாக இருக்க வேண்டும். யாருக்காக விடுகிறோமோ அவர்களிடம் சொல்லவும் கூடாது. சொன்னால் பலிக்காது.

தியேட்டர் கதவின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே, சிவன்மலை முருகன் இருக்கும் திசை எதுவென்று ஒரு நிமிஷம் குழம்பி, பிறகு எந்தத் திசையானால் என்ன என்று கண்ணை மூடினான். 'முருகா, இவளுக்கு எல்லாம் முடிஞ்சு, கடைசி ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுக்குற வரைக்கும் நான் தூண்டலைத் தொட மாட்டேன். தொட்டா நீ கேளு.'

வீடு வந்த மறுநாளே தூண்டிலை எடுத்துப் போகச் சொல்லி ராஜவேலை வரவழைத்தான். ராஜவேல் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். கட்டிங் மாஸ்டர். குட்டைக் கரையில் பத்து வருஷப் பழக்கம்.

"இத எதுக்கு அண்ணாச்சி எங்கிட்ட குடுக்கிய? மதினி குணமாயிட்டா நீங்க வரப் போறிய."

"ஊட்டுல இருந்தா கை சும்மா இருக்காதப்பா. கொண்டு போ."

விஷயத்தைச் சொன்னான். ராஜவேல் கழியைத் துணியில் சுற்றி, சாமி சிலையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான்.

கீமோ ஆறு முறை. முடி போயிற்று, புருவம் போயிற்று. அதெல்லாம் வரும் என்றார்கள், வரவும் ஆரம்பித்துவிட்டது. வராமல் நின்றது நாக்கு. எதை வாயில் வைத்தாலும் வினிதா கண்ணை மூடிக்கொள்வாள்.

"துருப்பிடிச்ச ஊசியை நக்குன மாதிரியே இருக்குதுங்க."

"ரசம் சாதமாச்சும் ரெண்டு வாய்..."

"அதையுந்தானுங்க சொல்றேன். ரசமும் ஊசிதான், இட்லியும் ஊசிதான்."

ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள். ரேடியேஷன் முடிந்த அன்று டாக்டரம்மா எடை மெஷினைப் பார்த்துவிட்டு அருள்செல்வனைத்தான் பார்த்தாள். "மூணு மாசம் கழிச்சு ஸ்கேன். அதுக்குள்ள இவங்க சாப்பிட்டு எடை ஏறணும். உடம்புல தெம்பில்லைன்னா மருந்து மட்டும் என்ன பண்ணும் சொல்லுங்க." ஆபரேஷன் செய்த பக்கம் என்பதால் வலது கையில் பாரம் தூக்கக் கூடாது, கீறல் படக் கூடாது, ஊசி கூடப் போடக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர்களுடைய ஒரே மகள் சுபஸ்ரீ இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் வேலையில் இருந்தாள். தினமும் வீடியோவில் வருவாள். வந்ததும் முதல் கேள்வி, "அம்மா சாப்டாங்களாப்பா?" அவன் தினமும் ஒரே பொய்யைச் சொல்வான். வேறு எதையாவது பேசி அந்தப் பேச்சைத் தாண்ட வேண்டுமென்று இருவருமே தவிப்பார்கள். அப்படி ஒரு நாள் அவள் சொன்னாள், "இங்க ஓடையில எல்லாம் ட்ரவுட்டுன்னு ஒரு மீன்ப்பா. இடுப்பு வரைக்கும் ரப்பர் பேன்ட் போட்டுக்கிட்டு, குளிர் தண்ணியில நின்னு பிடிக்கிறாங்க. பிடிச்சு போட்டோ எடுத்துட்டுத் திருப்பித் தண்ணியிலயே விட்டுடறாங்க."

"விட்டுடறாங்களா?"

"ஆமாப்பா."

"அப்பறம் எதுக்குக் கண்ணு புடிக்கிறாங்களாம்?"

பக்கத்தில் படுத்திருந்த வினிதா, "ஏனுங்க, ஊட்டுல செதில் எடுக்க ஆளில்லையாட்ட இருக்குது" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வினிதா அவனையே பார்த்தாள்.

"நீங்க ஏனுங்க போறதே இல்லை?"

"தண்ணி வத்திப் போச்சம்மிணி."

அது ஆனியில். ஆடியில், காற்று அடிக்கிறது, தக்கை நிற்காது என்றான். புரட்டாசியில் பொய்யே தேவைப்படவில்லை. ஊரே கவிச்சியை விட்டிருந்தது. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டது. நான்கு நாள் விடாமல் மழை கொட்டியது. தீபாவளி வந்து, உடனே சஷ்டி விரதமும் வந்துவிட்டால் மறுபடி வீட்டில் மீன் பேச்சுக்கே இடமில்லை. அதற்கு முன்னால் இருந்தது இரண்டே ஞாயிறு.

சனிக்கிழமை சாயங்காலம் வினிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள், "எனக்கு விராலு கொழம்பு வேணுமுங்க."

அருள்செல்வன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான். ஆறு மாதத்தில் 'வேணும்' என்று அவள் வாயில் வந்த முதல் சாப்பாடு.

"இப்பவே மார்க்கெட்டுக்குப் போறேன்."

"மார்க்கெட்டு மீனு வேண்டாங்க. நீங்க புடிச்சதுதான் வேணும். குட்டை ரொம்பியிருக்குமுல்ல?"

அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. தொட்டால் கேள் என்று சொன்னவன் அவன்தான். கேட்டால் முருகன் எதை எடுத்துக்கொள்வான் என்பதும் அவனுக்குத் தெரியும். தொடாவிட்டால் இவள் சாப்பிட மாட்டாள். ராஜவேலை ஒரு மீன் பிடித்துத் தரச் சொல்லலாம். ஆனால் ராஜவேல் தீபாவளி ஆர்டர் முடித்துவிட்டு ஊருக்குப் போயிருந்தான், வர மூன்று நாளாகும்.

விடியற்காலையில், "தூண்டலு ராஜவேலு ஊட்டுல இருக்குது, அங்க போயி எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். நேராக மீன் மார்க்கெட். தொட்டித் தண்ணீரில் உயிரோடு கிடந்த விரால்களில் ஒரு கிலோவுக்குக் குறையாத ஒன்றைப் பொறுக்கி வாங்கினான். உடனே வீடு திரும்பினால் சந்தேகம் வரும். அதனால் காங்கயம் ரோட்டில் ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூன்று டீ குடித்தான். மீன் இருந்த பையில் நடுநடுவே தண்ணீர் மாற்றினான். கிளம்பும்போது ரோட்டோரக் குழியில் இறங்கிப் பேன்ட்டில் முழங்கால் வரை சேற்றைப் பூசிக்கொண்டான். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வினிதா சமையலறை மேடையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மீனைத் தட்டில் போட்டதும் அவள் முகத்தில் பழைய செக்கிங்காரி வந்து உட்கார்ந்துகொண்டாள். இடது கையால் செவுளைத் தூக்கினாள். கண்ணைப் பார்த்தாள். வயிற்றை அழுத்தினாள். பிறகு வாயைப் பிளந்தாள். உள்ளே விரலை விட்டு மேல் தாடையைத் தடவினாள், கீழ்த் தாடையைத் தடவினாள்.

"எதுலங்க புடிச்சீங்க?"

"மண்புழு."

"தூண்டல் முள்ளுல?"

"பின்ன? முள்ளுலதான்."

"முள்ளுக் குத்துன காயமே காணமுங்களே."

அருள்செல்வனுக்குக் காது சூடானது. இருபத்திரண்டு வருஷம் மீன் பிடித்தவன் அதை நினைக்கவில்லை. பேன்ட்டில் சேறு பூசியவன், மீன் வாயை ஒரு ஊசியால் கீறியிருந்தால் முடிந்திருக்கும். பை பையாக ஊசி வைத்திருக்கிற மெக்கானிக்!

"சும்மா... ஓரமாத் தட்டுப்பட்டிருக்கும்..."

"ஏனுங்க, பதினாலு வருசம் ஓட்டை பார்த்துப் பொழைச்சவகிட்டயா?" அவள் கையைக் கழுவினாள். குரல் மாறியது. "எனக்குத் தெரியுமுங்க. நீங்க மனசு உட்டுட்டீங்க. இவ இனி எங்க பொழைக்கப் போறான்னு நெனைச்சுத்தான் ஒண்ணொண்ணா நிறுத்திட்டீங்க. மொதல்ல மீனு. அடுத்தது வேலை. அப்பறம் நீங்களும் இந்தச் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவீங்க. நீங்க ஒரு நாளாச்சும் அந்தக் கரைக்குப் போயிட்டு வரோணும்னுதானுங்க கேட்டேன். எனக்கு என்ன, எந்த மீனா இருந்தா என்ன, ஊசி ருசிதான்."

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. விரால் ஆசை அவளுக்கு இல்லவே இல்லை. அவனை வெளியே அனுப்பத்தான் கேட்டிருக்கிறாள். ஆறு மாதமாக அவன் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவள் இப்படியா எடுத்துக்கொண்டாள்? சொன்னால் பலிக்காது. சொல்லாவிட்டால் இவள் இப்படியே நினைத்துக்கொண்டு கரைந்துபோவாள். மீனையே பார்த்துக்கொண்டு நின்றான். தட்டில் அது ஒருமுறை வாலை அடித்தது.

வினிதா அவன் முகத்தைப் பார்த்தாள். தைத்த துணியைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள்.

"நேந்துக்கிட்டீங்களா?"

அவன் வாய் திறக்கவில்லை.

"எனக்கோசரமா?"

அதற்கும் திறக்கவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அட என்ற சாமி" என்றாள் வினிதா. ஸ்டூலை விட்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "உடறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலீங்களா உங்களுக்கு? டீயை உட்டிருக்கலாமுல்ல? நாளைக்கு எட்டு டீ குடிக்கிறீங்க."

"இப்ப தெரிஞ்சு போச்சே. பலிக்காம..."

"நீங்க எங்க சொன்னீங்க? நானாப் பார்த்துக் கண்டுபுடிச்சேன். அது செக்கிங்கு. அதுல சேராது."

இதை அவள் சொன்ன வேகத்தில் அவனால் மறுக்க முடியவில்லை. மறுக்க விருப்பமும் இல்லை. மார்க்கெட் விரால் பக்கத்து வீட்டு மயிலாள் அக்காவுக்குப் போயிற்று. "எந்தத் தண்ணி மீனுங்க?" என்று அவள் கேட்டதற்கு, அவனிடமிருந்து டீக்கடைக் கதையைக் கேட்டு வாங்கியிருந்த வினிதா, "டீக்கடைத் தண்ணிங்க" என்று சொன்னாள்.

புதன்கிழமை காலையில் அவள் ஒரு முடிவோடு எழுந்தாள்.

"ஏனுங்க. தூண்டலைத் தொட மாட்டேன்னு நேந்தது நீங்கதானுங்களே?"

"ஆமா."

"நான் ஒண்ணும் நேரலையே?"

ஞாயிற்றுக்கிழமை மொபெட்டின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு இருவரும் கன்னிமார் குட்டைக்குப் போனார்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. தலையில் துண்டு கட்டியிருந்தாள். ராஜவேல் துணி சுற்றிய கழியோடு முன்பே வந்து நின்றான். குட்டை நிறைந்து கருவேல மரங்களின் இடுப்பு வரை தண்ணீர் ஏறியிருந்தது. எதிர்க்கரையில் ஒடிசாக்காரர்கள் நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து ஜிலேபி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மதினி, வாங்க" என்றான் ராஜவேல். "இந்த மனுசன் இல்லாம இந்தக் கரையில ஒருத்தரும் ஒழுங்கா மீன் பிடிக்கல. பூராவும் கதைதான் பேசுதோம்."

"நானும் கதை பேசத்தானுங்க வந்திருக்கேன். கழியைக் குடுங்க."

அருள்செல்வன் அவளிடமிருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டான். கழி, நரம்பு, தக்கை, முள் எதையும் தொடக் கூடாது என்று வரும் வழியிலேயே பேசி முடித்திருந்தார்கள். புழுவைக் கோத்துக் கொடுத்தது ராஜவேல்.

ஒரு மெக்கானிக் தன் கண்ணெதிரே தப்பாக ஓடுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. வினிதா முதல் வீச்சில் பின்னால் இருந்த கருவேலங்கிளையைப் பிடித்தாள். இரண்டாவது வீச்சு நாற்காலிக் காலடியிலேயே விழுந்தது. மூன்றாவது ஒழுங்காக விழுந்தது. ஆனால் தக்கை லேசாக ஆடினதுமே வெடுக்கென்று இழுத்தாள். வெறும் முள் வந்தது.

"ஆடுனா இழுக்காத. முங்கோணும்."

"ஆடுதுங்களே!"

"ஆடட்டும். அது சும்மா மோந்து பார்க்குது. நூலைத் தளர உடு. இத்தனை இழுத்தாப்பல வெச்சா டென்ஷன் ஏறி..."

"மெஷினைப் பத்தியா பேசறீங்க, மீனைப் பத்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். இங்க பாரு, இப்படி..." அவன் வலது கை தொடைக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்துவிட்டது.

"அண்ணாச்சி!" ராஜவேல் அதட்டினான். "கைய உள்ள வைங்க. கயிறு வேணும்னா தாரேன், கட்டிப் போட்டுருவோம்."

அரை மணி நேரத்தில் அவளுக்குப் பிடிபட ஆரம்பித்தது. பீஸைப் பார்ப்பது போலவே தக்கையைப் பார்த்தாள். கண் சிமிட்டுவது கூடக் குறைந்துவிட்டது. ஒரு விரல் நீள ஜிலேபி மாட்டிக்கொண்டு வந்தபோது, "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தியதில் எதிர்க்கரையே திரும்பியது. ஒடிசாக்காரர்களில் ஒருவர், "அக்கா, சூப்பர்!" என்றார். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு. அருள்செல்வன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறியிருந்தது. ஆனால் 'களைப்பாயிருக்குது' என்று அவள் சொல்லவே இல்லை. நாமே கேட்கலாமா, கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் இருந்தான்.

பத்து மணி இருக்கும். தக்கை ஆடவில்லை. மோந்தும் பார்க்கவில்லை. ஆகாயத்தாமரை ஓரமாக நின்ற தக்கை, பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து, அப்படியே கீழே போய்விட்டது. அருள்செல்வனுக்கு அது என்னவென்று தெரியும்.

"இப்ப" என்றான். "இப்ப இழு."

வினிதா இடது கையால் இழுத்தாள். கழி வில்லாக வளைந்து தண்ணீரைத் தொட்டது. தண்ணீருக்குள் கறுப்பாக ஒன்று புரண்டு பாசியைக் கலக்கிக்கொண்டு ஆழத்துக்குத் திரும்பியது. நாற்காலி சாய்ந்தது. அவள் எழுந்துவிட்டாள். இரண்டடி முன்னால் இழுபட்டுச் சேற்றில் கால் வைத்தாள்.

"மதினி, இங்க குடுங்க!" ராஜவேல் ஓடி வந்தான்.

"ஒருத்தரும் தொடாதீங்க!" என்றாள். "இது என்றது!"

இடது கை தாங்கவில்லை. கழியின் அடிப்பாகம் உள்ளங்கையிலிருந்து வழுகத் தொடங்கியது. அவள் வலது கை தன்னையறியாமல் கழியை நோக்கிப் போனது.

பாரம் தூக்கக் கூடாத கை.

அருள்செல்வன் எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. கழி அவன் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பழகிய கழி. பிடித்தால் போதும், எந்தப் பக்கம் சாய்த்து எப்போது விட்டுப் பிடிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். அவன் அதைத் தொடவில்லை. இடது கையால் அவளுடைய வலது கையை அவள் மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்தான். வலது கையால் அவளுடைய இடது முன்கையை, மணிக்கட்டுக்கு மேலே, இறுக்கிப் பிடித்தான். மீன் இழுப்பது அவள் எலும்பு வழியாக அவன் கைக்கு வந்தது. அதிலேயே மீனின் எடை தெரிந்தது. அவள் எடை எவ்வளவு போய்விட்டது என்பதும் தெரிந்தது.

"கழியைத் தூக்காத. பின்னால நட" என்று அவள் காதருகே சொன்னான். "என்கூடவே நட. அவசரமில்லை. அது இழுத்தா நில்லு. உட்டா நட."

இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். நின்றார்கள். மறுபடி நடந்தார்கள். எதிர்க்கரையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ, "கீஞ்சோ, கீஞ்சோ!" என்று இழுக்கச் சொல்லி இந்தியில் கத்தினார்கள். கரை ஏறும் இடத்தில் அவள் செருப்பு சேற்றில் கழன்றது. விட்டுவிட்டு நடந்தாள். கடைசியில் புல் மேல் சளக்கென்று ஒரு சத்தம். ராஜவேல் துண்டோடு அதன் மேல் விழுந்தான்.

"விராலு! மதினி, ஒண்ணரைக் கிலோ இருக்கும் போல இருக்கே!"

வினிதா புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. சிரித்தாள். தலைத்துண்டு அவிழ்ந்து, அரை விரல்கடை வளர்ந்திருந்த முடி வெயிலில் தெரிந்தது. அதை மூட அவளுக்குத் தோன்றவில்லை.

அருள்செல்வன் சிரிக்கவில்லை. தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் திரும்பும்போது பாதி வழியில்தான் பேசினான்.

"அது... தொட்ட கணக்குல சேருமாம்மிணி?"

"எது?"

"உன் கையைப் புடிச்சது. கழி உன் கையில, உன் கை என் கையில..."

வினிதா அவன் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "கட்டுன நாள்ல இருந்து புடிக்கிற கைதானுங்களே. அதை உடறேன்னு முருகன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்பறமென்ன. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

அவனுக்கு முழுதாகச் சமாதானமாகவில்லை. ஸ்கேனுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. அதுவரை இது மனதின் ஒரு மூலையில் கிடந்து உறுத்தத்தான் செய்யும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேலை இருந்தது. மீனைச் சாம்பலில் தேய்த்து வழுக்கெடுத்தான், துண்டு போட்டான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சின்ன வெங்காயம் வதக்கி, மல்லியும் மிளகும் வறுத்து அரைத்து, புளி கரைத்து ஊற்றிக் குழம்பு கூட்டினான். கொதிக்கிற வாசனைக்கு அவள் எழுந்து போய்விடுவாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை நாளும் தாளிக்கிற வாசம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள். இன்று கால் சேற்றைக்கூடக் கழுவாமல் அங்கேயே உட்கார்ந்து, எதிர்க்கரைக்காரர் 'சூப்பர்' சொன்னதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சமாகச் சோறு வைத்தான். நிறைய வைத்தால் பார்த்ததுமே அவளுக்கு வயிறு அடைத்துவிடும். முள் நீக்கி ஒரு துண்டு வைத்தான். குழம்பை ஒரு கரண்டி விட்டான். எதிரே உட்கார்ந்துகொண்டான்.

வினிதா பிசைந்தாள். ஒரு வாய் எடுத்தாள். வழக்கமாகக் கண்ணை மூடுவாளே என்று அவன் காத்திருந்தான். மூடவில்லை. மென்றாள். விழுங்கினாள். அடுத்த வாயை எடுத்து வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கினாள்.

"என்ன? ஊசியா?"

"இல்லீங்க." அவள் நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒருமுறை சப்பிப் பார்த்தாள். "உப்புப் பத்தலை."

அருள்செல்வன் அவளையே பார்த்தான்.

"என்ன பாக்கறீங்க? உப்பு கம்மிங்க. இத்தனை பெரிய மீனுக்கு ஒரு சிட்டிகை போட்டா எப்படி? போயி எடுத்துட்டு வாங்க. வரும்போது இன்னொரு கரண்டி சோறும்."

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். உப்பு டப்பா அடுப்புக்குப் பக்கத்தில், கண்ணெதிரேதான் இருந்தது. இருந்தாலும் அதைக் கொஞ்ச நேரம் தேடினான்.